மேல் முடிச்சு

இசாங்கின் வில்லில் பன்றிக் கொழுப்பு மணந்தது. அவள் அதற்குக் கொழுப்புப் பூசி மாதக்கணக்கில் ஆகிறது. நடுப்பிடியருகே மூக்கைக் கொண்டுபோய் மறுபடி முகர்ந்தாள். சந்தேகமே இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! ஆற்றோரத்து ஓலைச் சாய்ப்புக் குடிசைகளில் வில்லெடுத்து வேட்டைக்குப் போகும் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி இசாங், இன்னொருத்தி அவள் நாத்தனார் பெட்டாங். இசாங்கின் சாய்ப்புக்குள் கேட்காமல் நுழைகிறவளும் அவள்தான்.

கரும்பனையில் அந்த வில்லைச் செதுக்கியவன் காரியோ. இசாங்குக்குப் புருஷன், பெட்டாங்குக்கு அண்ணன். போன கோடையில் காய்ச்சல் வந்து போய்விட்டான். அவன் கை கடைசியாகச் செய்த வேலை இந்த வில்லுக்குப் புது நாண் பூட்டியது. மேல் நுனியில் அவன் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து இசாங் நாணை இறக்கவே இல்லை. வேட்டை முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும், ஏற்றியபடியே கிடக்கும் வில் வளைந்தே பழகிச் சோம்பிப்போகும் என்பது அந்தக் காட்டில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இசாங்குக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள். அவன் பூட்டியது பூட்டியபடி இருக்கட்டும் என்று ஒரு பிடிவாதம். யாராவது வாய் திறந்தால் எரிந்து விழுவாள். பெட்டாங் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

வாயை மூடியவள் கையை மூடவில்லை போலிருக்கிறது.

கொஞ்ச நாளாகவே இசாங்கின் அம்புகள் பன்றிக்கு முன்னாலேயே தரையைக் குத்தின. அடுத்தவள் கை பட்ட வில் உடையவள் பேச்சைக் கேட்காது என்பார்கள். அதுதான் காரணம் என்று இசாங் முடிவு கட்டிவிட்டாள். வில் சோம்பியிருக்கலாம் என்ற நினைப்பு வராமலா இருந்தது? வந்தது. வந்த வழியே விரட்டிவிட்டாள்.

அடுத்த சாய்ப்பு பாந்தோங் வேறு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நெருப்பை ஊதினான். ஊர் வம்பை மெல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"நான் பாத்தத சொல்றேன், அப்புறம் உன் பாடு. நீ கிழங்கு தோண்டப் போனா அவ உன் சாய்ப்புக்குள்ள நுழையிறா. வில்ல மடியில போட்டுக்கிட்டு என்னமோ பண்றா. அண்ணன் வில்லு தங்கச்சிக்குத்தான்னு நெனப்போ என்னமோ."

அதற்குப் பிறகு பெட்டாங் எதைச் செய்தாலும் இசாங்குக்குக் குறுகுறுத்தது. ஈரலில் பெரிய துண்டை எடுத்து வைத்தால், எதற்கு இந்தக் கரிசனம்? காட்டில் முதல் அம்பை இவளுக்கு விட்டுக்கொடுத்தால், குறி தப்புவதைப் பார்த்துச் சிரிக்கவா? வில் கைமாறிப்போனால் காரியோவின் கை பட்டது என்று சொல்லத் தன்னிடம் வேறு என்ன மிஞ்சும்?

ஒரு நாள் நாணின் கீழ் நுனியில் மாட்டியிருக்கும் கண்ணிக்கடியில் தன் தலைமுடி ஒன்றைச் செருகிவிட்டுக் கிழங்கு தோண்டப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் முடியைக் காணோம்.

அன்றைக்கே தேன்மெழுகையும் மரப்பிசினையும் உருக்கினாள். வில்லின் இரண்டு நுனிகளிலும் நாணோடு சேர்த்துப் பிரம்பு நாரை இறுகச் சுற்றி, மேலே மெழுகை ஊற்றி அடைத்தாள். இனி நாணில் கை வை பார்ப்போம்!

மறுநாள் பெட்டாங்கின் பார்வை அந்த நுனிகளில் விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் போய்விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்று இசாங் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. வில் ஊறிப்போனது. நனைந்த வில்லைத் துடைத்து, நாணிறக்கி, நெருப்புக்கு எட்டத்தில் நிழலில் கிடத்தி உலர்த்துவதுதான் வழக்கம். இசாங் அதைத் தன் தலைமாட்டில், அடுப்பு நெருப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டாள். அங்கேதானே கண் காவல் இருக்க முடியும்!

வானம் வெளுத்த காலையில் இருவரும் காட்டுக்குப் போனார்கள். நாய் லூயா ஒரு கிழட்டு ஆண் பன்றியைப் பாறையோரம் மடக்கிவிட்டுக் குரைத்தது. பெட்டாங் வழக்கம்போல ஒதுங்கி நின்று, நீ விடு என்று தாடையை அசைத்தாள். இசாங் நாணைக் காதுவரை இழுத்தாள்.

வில் பிடிக்குக் கீழே படீரென்று ஒடிந்தது.

பன்றி இசாங்கைப் பார்த்துத் திரும்பியது. கையில் பாதி வில்லோடு அவள் மரமாக நின்றாள். பெட்டாங் குறுக்கே பாய்ந்து, மிக அருகில், விலாவில் அம்பை இறக்கினாள். விழுவதற்கு முன்னால் பன்றி தன் கொம்புப் பல்லால் அவள் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது.

உயிர் தப்பியவள் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? வெட்கக்கேடு.

"என்னடி பண்ணின என் வில்ல?"

பெட்டாங் காலை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"நீ தோண்டப் போற நேரமெல்லாம் நாண எறக்கிப் போட்டேன், அண்ணி. தொடச்சு கொழுப்பு தேச்சேன். கொஞ்ச நேரமாவது மூச்சு விடட்டும்னு. நீ வர்றதுக்குள்ள திரும்ப ஏத்திடுவேன். இந்த மழையில அதுக்கு வழியில்லாம நீ மெழுகு வெச்சு அடைச்சுட்டே."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அப்படியும் இசாங் கேட்டாள்: "அவரு போட்ட முடிச்சு?"

"கீழ்க் கண்ணியத்தான் நழுவ விடுவேன். மேல் முடிச்சுல என் வெரல்கூட பட்டதில்ல. எங்கண்ணன் போட்டதாச்சே."

இசாங் உடைந்த வில்லைப் பார்த்தாள். அந்த முடிச்சின் மேல் மெழுகை ஊற்றி மூடியது அவள் கை. நெருப்புக்கு மேலே கட்டியதும் அவள் கை. பாழாய்ப்போன சந்தேகம்! வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே தன் துணியைக் கிழித்து நாத்தனாரின் காலில் இறுகக் கட்டினாள்.

பிறகு இரண்டு நுனிகளிலும் மெழுகை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். நேரம் பிடித்தது. பிரம்பு நார் கழன்றது. உள்ளே முடிச்சு இறுக்கமாக, அவன் போட்டபடியே இருந்தது. குலையாமல் நுனியிலிருந்து மெல்ல உருவி, நாணைப் பெட்டாங்கின் மடியில் வைத்தாள்.

"உன் வில்லுக்கு இது சேருமா?"

பெட்டாங் நாணைத் தன் வில்லோடு வைத்து அளந்தாள். மேல் முடிச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சேரும். ஆனா, அண்ணி, வீட்டுக்குப் போனதும் நான் இத எறக்கி வெச்சிடுவேன்."

"எறக்கு," என்றாள் இசாங். "எங்கிட்ட கேக்காத."