விடாமல் கூப்பிடு

லாரிக்காரர்கள் ஓடும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும் என்று கேட்டவர்களில் டார்லா ஹோவிக்கும் ஒருத்திதான். அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் வழியாகப் பல வருடமாக லாரி ஓட்டுகிறவள். எங்கே காற்று அடிக்கிறது, எந்தச் சாலையை மூடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. ரேடியோவைத் திறந்தால் வெட்டிப் பேச்சும் கெட்ட வார்த்தையும்தான். அவளோடு அதே கம்பெனியில் ஓட்டும் ரூபன் டஃபோயா இன்னும் ஒரு படி மேலே போவான். "அதைக் கழட்டி எறிஞ்சுட்டு அந்த இடத்துல ஒரு காபி கப்பை வை. அதுவாவது உபயோகப்படும்." அவள் கழற்றவில்லை. சோம்பல்தான் காரணம்.

மார்ச் மாதத்தில் ஒரு நண்பகல். எல்க் மலைப் பக்கம் அவள் வந்தபோது காற்று தரையில் கிடந்த பனியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் நீல வானம். முன்னால் பார்த்தால் லாரியின் மூக்கே தெரியவில்லை. போனில் சிக்னல் செத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ரேடியோவைத் திருகினாள்.

"கிழக்கே வர்றவங்க எல்லாரும் நிறுத்துங்க! மேட்டைத் தாண்டினதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லாரி மடங்கிக் கிடக்கு. என் வண்டிதான். நிறுத்துங்க!"

பதற்றமில்லாத ஆண்குரல். டார்லா அப்போதே மேட்டைத் தாண்டியிருந்தாள். பிரேக்கை மிதித்தாள். உறைந்த சாலையில் வண்டி சொல்பேச்சுக் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் எதன்மேலோ மோதி நின்றது. கதவு நசுங்கித் திறக்க மறுத்தது. முன்கண்ணாடி முழுக்க விரிசல் விட்டு வெளுத்துப்போனது. அதன்மேல் வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ரேடியோவில் குரல் நின்றுபோயிருந்தது.

கொஞ்சம் கழித்து மறுபடி வந்தது. அதே குரல்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "நிறுத்துங்க... மேட்டுக்கு... இந்தப் பக்கம்..."

டார்லா மைக்கை எடுத்தாள். "டிரைவரே, அடி பட்டிருக்கா?"

"யாரோ என் கதவுமேல வந்து மோதிட்டாங்க. இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிச்சு. நீ எங்க இருக்கே?"

சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. "பக்கத்துலதான். நானும் நின்னுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. கீழ இறங்கிடாதே. எனக்கு மூச்சு பத்தல தாயி. நீ கூப்பிடு. பின்னால வர்றவங்களை நிறுத்து. விடாம கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக, "கேட்டுச்சு, நின்னுட்டேன்" என்றார்கள். நடுநடுவே அவரும் பேசினார். பெயர் வெண்டல் ஸ்ட்ராப். ஊர் நெப்ராஸ்காவில் ஓகலாலா. ஏற்றிவந்தது உருளைக்கிழங்கு. "உன் குரல் எங்க ஊர் மாட்டுச்சந்தையில ஏலம் விடறவன் குரலேதான். அவன் இன்னும் கொஞ்சம் இனிமையாப் பேசுவான்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், இருமினார்.

அப்புறம் சொன்னார்: "உன் வைப்பரைக் கொஞ்சம் நிறுத்திடேன். அது ஆடறதைப் பாத்தா தலை சுத்துது."

டார்லாவின் கை தானாகப் போய் வைப்பரை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் அவர் இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும்.

"வெண்டல்..." என்றாள்.

"இப்ப வேணாம். கூப்பிடு."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மீட்க வந்தவர்கள் அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டும்வரை, தொண்டை கட்டி வெறும் காற்று வரும்வரை, டார்லா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே இழுத்தபோது பார்த்தாள்: அவளுடைய வண்டியின் மூக்கு அவர் கதவுக்குள் நுழைந்திருந்தது. அவர்மேல் ஏற்கெனவே கம்பளி போர்த்தியிருந்தார்கள், முகத்தையும் சேர்த்து.

"உங்களுக்குப் பின்னால ஒரு வண்டிகூட மோதல. உங்க குரல் கேட்டுத்தான் நின்னோம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் போலீஸ்காரர். அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பனிதான் காரணம், அவள்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் முடிவானது. மே மாதம் ஓகலாலாவுக்குப் போனாள். வெண்டலின் மனைவி ஐலீன் அவளை உள்ளே அழைத்துக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"உங்க வண்டிதான்னு சொன்னாங்க. அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களை ஏதாவது சொன்னாரா?"

"வைப்பரை நிறுத்தச் சொன்னார்."

ஐலீன் பட்டென்று சிரித்துவிட்டாள். "வீட்ல ஃபேன் சுத்தினாக்கூட ஆகாது அவருக்கு." அந்தச் சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. டார்லா கோப்பையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்காமலேயே திரும்பினாள்.

கம்பெனி கொடுத்த புது லாரியில் ரேடியோ இல்லை. சொந்தக் காசில் வாங்கி மாட்டினாள். ரூபன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "மாட்டினா மட்டும் பத்துமா? நாங்க கூப்பிட்டா நீ பதிலே பேச மாட்டேங்கிறியே" என்றான்.

அவள் கேட்பதோடு சரி. நாள் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது: காற்று, டீசல் விலை, யாரோ யாரையோ திட்டுவது. பேசுகிறவன் நடுவில் சற்று மூச்சு வாங்கினால் போதும், காய்ந்த சாலையானாலும் அவள் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.