இருபத்தைந்து புள்ளி நான்கு

டேப்பின் ஒரு முனையை நைனாவின் உச்சந்தலையில் அழுத்திக்கொண்டு, "அம்மா, இதக் கொஞ்சம் புடி" என்றாள் மேரி.

ஞானம்மா பிடிக்கவில்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கிற தன் டேப் கணவரின் உடம்பின்மேல் ஊர்ந்து போவதையே பார்த்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மேரி தானே முனையைத் தலையணைக்கடியில் செருகி, மறுமுனையைக் குதிகால்வரை இழுத்தாள். நாற்பத்தெட்டு. தோளுக்குத் தோள் இருபது. கட்டிலிலிருந்து முழங்கால் உச்சிவரை இருபத்து மூன்று.

தேசப்பன் விடிகாலையில் இறந்திருந்தார். வாதம் வந்து படுத்த மூன்று வருஷத்தில் மடங்கிய கால்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. போர்வைக்கடியில் இரண்டு முழங்கால்களும் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றன.

எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்த சேகர், தங்கையின் கையிலிருந்த டேப்பைப் பார்த்தான்.

"இன்னாடி பண்ற?"

"பொட்டிக்கு அளவுண்ணா."

"கடைல ஆறடிப் பொட்டி சொல்லிட்டேன். சித்தப்பா வந்துக்கினு கீறாரு. மூட்டுல துணியச் சுத்தி ஒரு அழுத்து அழுத்துனா கால் நீண்டுரும்."

"நீளாது. ஒடையும்."

"ஒடைஞ்சா இன்னா, அவருக்கு வலிக்கவா போவுது?" சொன்னவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ரோலிங் மில்லுல அவ்ளோ ஒசரம்னு அவர நிமிந்து பாத்துதான் பேசுவானுங்க. அந்த ஆளு கோழி மாரி கால மடக்கிக்கினு போறத ஊரே பாக்கணுமா? யாரு இவர இப்டி மடங்க உட்டது?"

மேரி அம்மாவைப் பார்க்காமலிருக்க டேப்பைச் சுருட்டினாள். முட்டிக்கடியில் தலையணை வைக்கக் கூடாது, கால் மடங்கியே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் அத்தனை சொல்லி அனுப்பினார்கள். ஆனால் தலையணை வைத்தால்தான் அவர் முனகலை நிறுத்தினார். பகலில் எடுத்துவிடுவாள் அம்மா. விளக்கணைத்த பிறகு, யாருக்கும் கேட்காமல் திரும்ப வைப்பாள். மேரிக்குக் கேட்கும். ஒருநாளும் அவள் எழுந்துபோய் அதை எடுத்ததில்லை. நைனா தூங்கினால் அவளுக்கும் தூக்கம் வந்தது.

அந்த முட்டி உடைகிற சத்தத்தை இப்போது அம்மா கேட்கக் கூடாது. மேரிக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"பொட்டி நான் கொண்டாரேன். அதுவரைக்கும் கால யாரும் தொடாதீங்க."

"நாலு மணிக்கு ஜெபம். ரெண்டு வரைக்கும் பாப்பேன். அப்பால சித்தப்பா கைல உட்ருவேன், சொல்லிட்டேன்."

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். அவள் வேலை செய்யும் கம்பெனியில் பம்புகளுக்கு இரும்புச் சட்டம் செய்வார்கள். சட்டத்தையும், அது ஏறிப்போகிற மரப்பெட்டியையும் கம்ப்யூட்டரில் வரைவது அவள். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் மறுநாள் கன்டெய்னர் போக வேண்டியிருந்ததால் பெட்டிகள் செய்கிற ஹனீப் பாய் ரம்பத்தருகே நின்றிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ரம்பத்தை நிறுத்தினார். உதடுகள் ஒருமுறை ஓசையில்லாமல் அசைந்தன.

"அளவச் சொல்லும்மா."

மேரி வாயைத் திறந்தாள். எண்கள் வரவில்லை. "டிராயிங் போட்டுத் தரேன் பாய்."

"செரி, போடு. நான் மரம் பாத்து வெக்கிறேன்."

எப்போதும் திறக்கிற வெற்றுத்தாளைத் திரையில் திறந்தாள். நாற்பத்தெட்டு. இருபது. இருபத்து மூன்று. மூன்றையும் தட்டினாள். பெட்டியைக் காணோம். மூலையில் ஒரு புள்ளி இருந்தது. அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பெட்டி திரையை நிறைத்தது, சரியாகத்தான் இருந்தது. அளவுகளைப் போட்டபோது எண்கள் பெட்டியைவிடப் பெரிதாக அதன்மேல் விழுந்து கிடந்தன.

தாள் மில்லிமீட்டரில் இருந்தது. நைனாவை அவள் இஞ்சில் அளந்து வந்திருக்கிறாள். ஒரு தீப்பெட்டி வரைந்திருக்கிறாள்.

அலகு மாற்றும் ஜன்னலைத் திறந்து இஞ்ச் என்று மாற்றினாள். ஜன்னல் மூடிக்கொண்டது. ஒரு கோடும் நகரவில்லை. நகராது என்று அவளுக்குத் தெரியும். அலகின் பெயர்தான் அங்கே மாறும், வரைந்தது மாறாது. வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். பாயின் ரம்பத்தில் ஒட்டியிருந்த அளவுகோல் மில்லிமீட்டர். அதனால் பழையபடி மில்லிமீட்டருக்கே திருப்பினாள். பெட்டி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஒரு இஞ்சுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கில், இருபத்தைந்து புள்ளி நான்கு மடங்கு என்று தட்டினாள். பெட்டி திரையை உடைத்துக்கொண்டு வெளியே போனது. அதன் ஓரங்கள் தெரியும்வரை பின்னால் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது புள்ளி இரண்டு. அவ்வளவு பெரிய எண்ணுக்குள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு அவர் படுத்திருப்பார். தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு ரம்பத்தருகே போனாள்.

தாளை வாங்கிய பாய், பெட்டியின் உயரத்தில் கொஞ்ச நேரம் பார்வையை நிறுத்தினார்.

"உள்ளளவுதானே?"

"ஆமா பாய்."

"சுத்தி எவ்ளோ கேப்பு உடட்டும்?"

"மிஷினுக்கு உடுறா மாரி ஒரு இஞ்ச்."

"ரெண்டு உடுறேன். துணி வெப்பீங்க, பூ வெப்பீங்க." அடுத்ததைப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்: "வெயிட்டு எவ்ளோம்மா வரும்?"

மேரி யோசித்தாள். தினமும் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்த உடம்பு.

"கொறஞ்சிக்கினே வந்தாரு பாய்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பலகையைத் தேடப் போனார். பலகைகளில், உடையும் சரக்குக்குப் போடுகிற மேல்நோக்கிய அம்புக்குறியும் கண்ணாடிக்கிண்ணப் படமும் அச்சடித்திருந்தன. அந்தப் பக்கங்களை உள்ளே வைத்து அறைந்தார்.

கம்பெனி வேன் வீட்டு வாசலில் நின்றபோது சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றிருந்தார். பெட்டியை இறக்கியதும் கூட்டத்தில் ஒரு பெண், "இன்னாடி இது, டிவிப் பொட்டியாட்டம்" என்றாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள். ஞானம்மா எழுந்து வந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு அடியையும் பக்கங்களையும் தடவினாள்.

"செரியா இருக்கு" என்றாள்.

சித்தப்பா சேகரைப் பார்த்தார். சேகர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, ஒரு கையை அப்பாவின் முதுகுக்கும் மறுகையை மடங்கிய முழங்கால்களுக்கும் அடியில் கொடுத்துத் தனியாகவே தூக்கினான்.

கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டியவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் முழு ஆளுக்குத்தான் வெட்டி வைத்திருந்தார். கயிற்றில் இறக்கியபோது பெட்டி ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. கால்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு காலியாகக் கிடந்தது. யாராவது இறங்கி நேராக்க வேண்டும் என்றார் சாமியார்.

சேகர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குதித்தான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். பெட்டி நேராகிவிட்டது. மேலேயிருந்தவர்கள் கையை நீட்டினார்கள். அவன் பிடிக்கவில்லை. மூடியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தபடி, குழிக்குள்ளேயே நின்றிருந்தான்.

சாமியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேரி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். குழி வெட்டியவர் கையிலிருந்த மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.