ராணிக்குப் போன பீங்கான் அன்னம்

ஜெர்மனியின் எல்பே நதிக்கரைப் பீங்கான் ஆலையில் அரண்மனைப் பரிசுகளைப் பொதிந்து அனுப்புவது லெபரெக்ட்டின் வேலை. சாக்ஸனி மன்னர் அயல்நாட்டு ராணிக்குத் திருமணப் பரிசாக அனுப்பிய அன்னத்தையும் அவன்தான் வைக்கோலில் பொதிந்தான். பெட்டிக்கு ஆணியடிக்கும் முன் அதை இன்னொரு தடவை பார்க்க ஆசை வந்தது. வெளியே எடுத்தான். மேசை விளிம்பில் இடித்துக் கழுத்து முறிந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. முட்டை வெள்ளையில் சுண்ணாம்பைக் குழைத்து ஒட்டி, பெட்டியை மூடிவிட்டான்.

ராணியின் சபையில் திறந்தபோது தலை தனியாக வந்தது. ஒட்டிய தடமும் தெரிந்தது. பெட்டியை ஏற்றி வந்த வண்டிக்காரன் காஸ்பர்தான் வழியில் உடைத்து, ஒட்டி ஏமாற்றிவிட்டான் என்றார்கள். விசாரணையில் ஆலை மேலாளர் லெபரெக்ட்டைக் கேட்டார்.

"நீ கட்டும்போது முழுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. ஆனா ரோடு ரொம்ப மோசம். பாவம், அவன் என்ன பண்ணுவான்?"

அவன் அப்படிப் பரிந்து பேசியதால் காஸ்பர் சிறைக்குப் போகவில்லை. குதிரைகளை மட்டும் பறிமுதல் செய்து பட்டாளத்துக்குக் கொடுத்தார்கள். பிழைப்புக்கு அவன் முதுகில் விறகு சுமக்கத் தொடங்கினான். லெபரெக்ட்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸ்பரே வீடு தேடி வந்தான். கையில் ப்ளம்ஸ் பழ கேக்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க எனக்காகப் பேசலேன்னா இந்நேரம் கம்பி எண்ணிக்கிட்டிருப்பேன். எம் பொண்டாட்டி குடுத்துவிட்டா."

லெபரெக்ட் அதைத் தொடவில்லை.

"என்னண்ணே, விஷத்தப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? அவ சமையல் அவ்வளவு மோசமில்ல."

"காஸ்பர்... அத ஒடச்சது நான்தான்."

காஸ்பரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என் குதிரைங்கள ஓட்டிக்கிட்டுப் போனப்ப வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"ஆமா."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க போய்ச் சொல்லுங்க."

கேக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் லெபரெக்ட் மேலாளர் முன் நின்றான். "முடிஞ்சுபோன கதைய எதுக்குடா கிளறுற?" என்று அவர் எரிந்து விழுந்தார். அவன் நகரவில்லை. ஆலையில் எல்லார் காதிலும் விழும்படி இரைந்து சொன்னான்.

வேலை போயிற்று. காஸ்பருக்குக் குதிரைகள் திரும்ப வந்தன; ஒன்றுக்கு, பட்டாளத்து லாயத்தில் கால் ஊனமாகியிருந்தது. லெபரெக்ட் படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனான். காஸ்பரின் வண்டி வரும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவான். காஸ்பர் ஒருநாளும் பதிலுக்குத் தலையசைத்ததில்லை. லெபரெக்ட்டுக்கு அது நியாயமாகவே பட்டது.