வழி சொன்ன பத்தி

அச்சகத்தில் பிழை திருத்துவது அவருக்குப் பிழைப்பு. கதை எழுதுவது வியாதி. ஊரார் கதைகளில் ஒற்றெழுத்துத் தேடியே முதுகு வளைந்தவர், ஐம்பது வயதில் சொந்தமாக ஒரு காட்டு நாவல் எழுதினார். காட்டைக் காட்டியவன் மைத்துனன். வனக்காவலர் வேலை. ஒரு மரப்பொந்தில் குடியிருந்த ஆந்தை ஜோடியை ஒன்பது வருடமாகப் பொத்திப் பொத்திக் காத்தவன், அக்கா புருஷனாயிற்றே என்று ஒரே ஒரு தடவை கூட்டிப்போனான்.

"எழுதுங்க மாமா. இடம் மட்டும் தெரியக் கூடாது."

அவரும் சொல் தவறவில்லை. ஆற்றின் பெயரை மாற்றினார். கிழக்கை மேற்காக்கினார். காதும் மூக்கும் உணர்ந்ததை மாற்றத்தான் மனம் வரவில்லை. நாவலில் உருப்படியான பத்தி அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் சீருடையோடு வந்தான். மேசைமேல் அந்த நாவலை வைத்தான். எண்பத்தேழாம் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

"குஞ்சு ரெண்டையும் தூக்கிட்டாங்க. ஆளைப் பிடிச்சோம், ஆனா அதுக்குள்ள கைமாத்திட்டான். பையில இதுதான் இருந்துச்சு."

பிறகு சத்தமாகப் படித்தான்: "'அருவியின் இரைச்சல் வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாறும் இடத்தில் அழுகிய பழவாசனை. வாசனை தீரும் இடத்தில் கால் வழுக்கும் பாறை. அங்கே நின்று அண்ணாந்தால்...'"

ஓரத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்தது.

"எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளு மாமா அவன். அவனுக்கே புரிஞ்சிருக்கு. அவ்வளவு தெளிவு."

புத்தகம் வந்த நாளிலிருந்து அவர் கேட்ட முதல் நேர்மையான விமர்சனம்.

"வீட்ல உப்பு எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன், காட்ல ஆந்தை எங்க இருக்குன்னு மட்டும் சரியா எழுதியிருக்காரு," என்றாள் மனைவி. 

"அடுத்த பதிப்புல அந்தப் பத்தியை எடுத்துடறேன் மாப்ளே."

"எடுங்க. தாயும் தகப்பனும் பொந்தை எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்துச்சுங்க. நேத்திலேர்ந்து அதுங்களையும் காணோம்." மைத்துனன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்களைச் சொல்லி என்ன? எங்க மாமா எழுதினது, எங்க காடுன்னு கடைகடையாக் காட்டினவன் நான்தானே."

மன்னிப்பு என்ற சொல்லில் எந்த 'ன்' வரும் என்று ஊருக்கே திருத்திக் கொடுப்பவருக்கு, அதைச் சொல்ல நா எழவில்லை. வேறு எதையோ சொல்லிவைத்தார்.

"நானும் ஒரு நாள் வந்து தேடிப் பாக்கட்டுமா மாப்ளே?"

"தாராளமா வாங்க மாமா. கண்ணு, காது, மூக்கு மூணையும் அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தான். நாவலை மறக்காமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். நாளை அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டுமாம்.