கட்டுப் பிரிக்கிற பத்து நிமிடம்

ஹஸீபாவின் இடது கையில் பழைய கட்டைப் பிரித்தே ஆகவேண்டும். வெந்நீர் கொட்டி வெந்த தோலில் சீழ் வைத்திருந்தது. இன்றும் தள்ளிப்போட்டால் விரல்கள் போகும். போன தடவை மயக்க ஊசி போட்டபோது அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. இனி அந்த ஊசி கிடையாது என்று டாக்டர் உமா மகேஸ்வரி எழுதிவிட்டார். மிச்சம் இருந்தது வலி மாத்திரையும் என் பேச்சும்.

போன மாதம் குற்றாலத்தில் ஒரு விடுதி ஹாலில் என்னையும் சேர்த்து எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் பன்னிரண்டு பேருக்கு ஹிப்னாஸிஸ் பயிற்சி நடந்தது. அது தூங்கவைக்கிற வேலை இல்லை. வலியில் நிற்கிற கவனத்தை வேறிடத்துக்கு நகர்த்துவது. எந்த இடம் நிம்மதி என்று நோயாளியிடமே கேட்கச் சொன்னார்கள். நாங்கள் கேட்பதில்லை. தென்காசிக்காரருக்கு அருவியைவிட என்ன நிம்மதி? ஒருவருக்கொருவர் செய்து பழகிப் பார்த்தபோதும் எல்லோரும் அருவியில்தான் சொக்கினோம்.

"கண்ண மூடுங்கக்கா. மெயின் அருவியில நிக்கீங்க. தண்ணி தலையில விழுது..."

டாக்டர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஹஸீபா கையை வெடுக்கென்று இழுத்தாள். பாதி பிரிந்த துணியோடு தோலும் வந்தது. ரத்தம்.

"அங்கன என்னைக் கொண்டு போவாதீங்க சிஸ்டர்! என் தம்பி மசூது அந்தத் தண்ணியிலதான் போனான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மொதல்ல கேட்டியா?"

"இல்ல மேடம்."

"ஊருக்கெல்லாம் ஒரே மருந்தா, ஏட்டி? நகரு. ரெண்டு பேரு கையப் பிடிங்க, நான் பிரிச்சிருதேன்."

பிடித்து அமுக்கினால் திமிறுவாள். திமிறினால் மிச்சத் தோலும் கிழியும். நான் நகரவில்லை.

"ரெண்டு நிமிஷம் மேடம். அக்கா, தப்பு எம்மேலதான். எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க."

ஹஸீபா பல்லைக் கடித்தாள். "சிரிப்பீங்க."

"சிரிக்கல."

"வடகரை பஸ்சு. ஜன்னல் சீட்டு. பிள்ளையளும் வேண்டாம், மாமியும் வேண்டாம். நான் மட்டும்."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் ஒரு டிக்கெட் எடு."

ஹஸீபாவை பஸ்ஸில் ஏற்றினேன். நானாக எதையும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வெளிய என்ன தெரியுது?"

"தென்னை... வயலு..."

டாக்டர் துணியை நனைத்து நனைத்து விரல் விரலாகப் பிரித்தார். நடுவிரலில் அது ஒட்டியிருந்தது. ஹஸீபா அலறினாள். கை மட்டும் அசையவில்லை.

"அக்கா, பஸ்சு நின்னுட்டா?"

"பள்ளம்... போவுது."

கடைசித் துணி தட்டில் விழுந்தது. ஐந்து விரலும் சிவந்திருந்தன. ஒன்றும் கறுக்கவில்லை.

புதுக்கட்டுப் போட்டு முடித்ததும் டாக்டர் கேஸ் ஷீட்டை என்னிடம் தள்ளினார். "கிழிஞ்ச தோலை எழுது. யாரால கிழிஞ்சதுன்னும் எழுது."

எழுதினேன்.