பெர்சிவல் விமானத்தின் வலப்பக்க இருக்கை

“கதவக் கழட்டி ஓரமா வச்சிட்டுத்தான் கிளம்புவாரு. மூஞ்சில காத்து அடிச்சாத்தான் தூக்கம் வராதும்பாரு உங்கப்பா.”

“எங்கப்பாவா சொன்னாரு?”

“வேற யாரு. சொல்லிட்டு மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சுவாரு. இந்த மாதிரி.”

ரோலண்ட் ஸ்கிப்வொர்த் உறிஞ்சிக் காட்டினார். அது அப்பாவேதான். அவர் இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று தெரியாத அந்த ஒலி, அரை மணி நேரம் முன்புதான் அறிமுகமான ஒரு வழுக்கைத்தலை மனிதரின் மூக்கிலிருந்து வந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது பெர்சிவல் விமானத்தின் இறக்கைக்குக் கீழே. இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இப்போது பாதி கோதுமை வயலாகிவிட்டது. அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில் அந்த விமானத்தை வைத்திருந்தார்கள். வயலுக்கு மருந்து தெளிக்கவும், உரம் தூவவும், தேவைப்பட்டால் ஆட்டை ஏற்றிச் செல்லவும் செய்த சின்ன விமானம் அது. பருத்த வயிறு, மெலிந்த வால். அழகென்று யாரும் சொல்ல மாட்டார்கள். செய்ததே கொஞ்சம், அதிலும் பல கடல் கடந்து போய்விட்டன. ஒரு களஞ்சியத்தில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்த இதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், ஒரு சங்கமும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் அதைச் சுற்றிக் கூடி முட்டை சாண்ட்விச் தின்றார்கள்.

இந்த ஆண்டு சங்கச் செயலாளர் கார்டன் பெல் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். விமானத்தைப் பற்றி யாருக்கு என்ன நினைவிருக்கிறதோ அதைப் பதிந்து வைப்பது என்று முடிவாம். விமானி விக் மால்ட்பியின் மகள் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. மகளிடம் ஒரு பெட்டி நிறைய நினைவு இருக்கும் என்று நம்பியிருப்பார்கள். என்னிடம் ஒரு புகைப்படம் இருந்தது. இறக்கைக்குக் கீழே அப்பா நிற்கிறார். முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது.

பதிவு தொடங்கியதும் ஒன்று புரிந்தது. இந்த ஆட்கள் அன்புள்ளவர்கள், ஆனால் ஒருவர் நினைவை இன்னொருவர் சும்மா விடுவதில்லை. ஸ்கெக்னெஸ் கண்காட்சியில் நீலக்கோடு போட்ட பெர்சிவலைப் பார்த்ததாகக் கார்டன் சொன்னபோது ரோலண்ட் குறுக்கிட்டார். நேரில் பார்த்ததா, படத்தில் பார்த்ததா என்று கேட்டார்.

“எட்டு வயசுல நேர்ல பாத்தேன்யா.”

“எட்டு வயசுல நீ ஐஸ்கிரீமத்தான் பாத்திருப்ப. அந்தக் கோடு போட்டதே ரெண்டு வருஷம் கழிச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். கார்டன் தலையைச் சொறிந்துகொண்டார். ஒருவேளை படத்தில்தான் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, டேப்பைப் பின்னோக்கி ஓட்டி, தன் பேச்சைத் தானே அழித்தார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்பதுதான் அங்கே செய்யக்கூடாத ஒரே காரியம். அதற்குக் காவலாளி ரோலண்ட்.

அவர் பறந்திருந்தார். கூட்டத்தில் வேறு யாரும் அந்த விமானத்தில் ஏறியதில்லை என்பதால் கடைசியாகப் பேச அவரை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை எனக்கு மட்டும் தனியே சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எனக்கு ஒரு பரிசு தருவதாக நினைத்தார்.

பதினொரு வயதில் வயல் வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். அப்பா அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்ததாம். வர்றியா என்று கேட்டாராம். வலப்பக்க இருக்கையில் உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைத் தானே இறுக்கினாராம். மேலே போனதும் கட்டுப்பாட்டுக் கோலைச் சற்றுப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். “முட்டையப் புடிக்கிற மாதிரி புடி” என்றாராம். வழி முழுக்கப் பாடினாராம்.

அப்பா பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் மருந்து வாடையோடு வந்து, பூட்ஸைப் பின்வாசலில் கழற்றிவிட்டு, உண்ணும்போதே தூங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டேன். அது பொம்மை இல்லை, வேலை பார்க்கிற வண்டி என்றார். மீண்டும் நான் கேட்கவில்லை. எனக்கும் அப்போது பதினொரு வயது. ரோலண்ட் சொன்ன அதே கோடைக்காலம்.

அவர் கைகளைப் பார்த்தேன். தடித்த, சுத்தமான கைகள். அந்தக் கைகள் பிடித்ததை நான் பிடிக்கவில்லை. காலையில் கார்டன் மரியாதைக்காக என்னை விமானத்தில் ஏற்றிப் படம் எடுத்தபோது நானும் அந்த வலப்பக்க இருக்கையில்தான் உட்கார்ந்தேன். நிற்கிற விமானம், மூடிய கொட்டகை. இருக்கைத் தோலில் புது வாடை. இப்போது அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது, ஆள் இல்லாத நேரத்தில் பிறர் வீட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்ததுபோல.

“உங்களப் பத்தியும் பேசினாரு,” என்றார் ரோலண்ட்.

நான் நிமிர்ந்தேன்.

“எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்காடா, ஏவ்ரில்னு பேரு, அவளுக்கு உயரம்னா பயம், இல்லன்னா கூட்டிட்டு வந்திருப்பேன்னாரு.”

எனக்கு உயரம் என்றால் பயமில்லை. எங்கள் ஊர்த் தேவாலயக் கோபுரத்தின் ஏணியில் பையன்களுக்கு முன்னால் ஏறியவள் நான். அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? வேலி ஓரத்துப் பையன் ஏதாவது கேட்டிருப்பான், அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அல்லது அப்படியே நம்பியிருப்பார். எதுவானாலும் இன்னும் சில நிமிடங்களில் அது டேப்பில் ஏறிவிடும். ஏறினால் அதுதான் நடந்தது.

“அத மட்டும் சொல்லாம விட்டுடுங்க, ரோலண்ட். எனக்குப் பயமே கிடையாது.”

அவர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். “இருக்கலாம்மா. ஆனா அவரு சொன்னாரு. காதால கேட்டத முழுங்கிட்டா, மத்தத மட்டும் எப்படி நம்புவாங்க?”

அந்தக் குரலில் கேலி இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது. வேண்டுமானால் தனக்கு முன்னால் நான் போய்ப் பேசலாம், அப்பாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார்.

“என்னத்த சொல்ல? பூட்ஸ எங்க கழட்டினாருன்னா? பறந்தது நீங்க. பாட்டக் கேட்டது நீங்க. அவரு எப்படி மூக்க உறிஞ்சுவாருன்னுகூட நீங்க காட்டித்தான் எனக்கு ஞாபகம் வருது.”

அப்போதுதான் அவர் என்னை நன்றாகப் பார்த்தார். தான் தந்தது பரிசாக வந்து சேரவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“யோவ் ரோலண்டு,” கொட்டகையின் அந்தப் பக்கத்திலிருந்து கார்டன் கூப்பிட்டார். “வாய்யா, டேப்பு சும்மா ஓடுது.”

ரோலண்ட் தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நான் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி யாரையும் நான் பிடித்ததில்லை.

“பிளேன்ல பின்னால எத்தன பேரு உக்காரலாம்?”

“நாலு பேரு.”

“அன்னிக்கு யாராவது இருந்தாங்களா?”

“இல்ல. காலியாத்தான் போச்சு. ஏம்மா?”

“அப்ப என்னையும் ஏத்திக்குங்க, ரோலண்ட். உங்க சீட்டு எனக்கு வேணாம், அது உங்களோடது. டேப்புல சொல்லிக்கிட்டே வரும்போது, பின்னால அவரு பொண்ணு உக்காந்திருந்தான்னு ஒரு வார்த்த. பயப்படலன்னுகூடச் சொல்ல வேணாம். இருந்தான்னு மட்டும் சொல்லுங்க.”