அவர் போர்த்திய ஒன்று

மணிமொழி ஓடிப்போய் லோடு ஆட்டோவின் சாவியைப் பிடுங்கினாள்.

டிரைவர் சரத்குமார் அலறினான். "என்னக்கா இது? நான் வாடகைக்கு வந்தவன்க்கா!"

"தெரியும். வண்டி நகரக் கூடாது."

பந்தலில் பேச்சு அடங்கியது. மேளக்காரர்கள்கூடக் குச்சியை இறக்கிவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் அப்பா பிச்சைமுத்து, ரிட்டயர்டு கண்டக்டர், நெற்றியில் ஒற்றை ரூபாயோடு படுத்திருந்தார். பெட்டியின் மேல் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கோடித் துணிகள் மொடமொடத்தன. அந்தப் பக்கம் லோடு ஆட்டோவில், அவர் ஆயுசெல்லாம் சேர்த்த பழசு மலையாகக் கிடந்தது.

முக்கால்வாசியும் ஒட்டுப்போர்வைகள். நைந்த சேலைகளை அடுக்கி, கிழிசலுக்குக் கிழிசல் துண்டு வைத்து, ஊர் ஊராகப் பெண்கள் கையால் தைத்தவை. அரியலூர் - பெரம்பலூர் ரூட்டில் டிக்கெட் கிழித்த காலத்தில், கொடியில் ஒன்று காய்வது கண்ணில் பட்டால் போதும். வார லீவில் அந்த வீட்டு வாசலில் அவர் சைக்கிள் நிற்கும். போர்வையோடு பழைய தையல் சாமானும் வந்து சேரும். கையால் சுற்றும் மெஷின், முழ நீளக் கத்தரிக்கோல், கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கந்தல் கண்டக்டர்'.

ஆஸ்பத்திரியில் கடைசியாக மணிமொழியிடம் கேட்டதும் இதைத்தான். "எதையும் பிரிச்சிடாதம்மா."

"ஆண்டிமடத்துக்கு, எங்க வூட்டுக்கே நான் எடுத்துட்டுப் போறேம்ப்பா" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சித்தப்பா இளவரசன் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "ஏ மணி, சாவியக் குடு. அண்ணன எடுக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் எல்லை தாண்டணும்."

"எதுக்கு சித்தப்பா?"

"எதுக்கா? செத்தவங்க போத்துனத வூட்டுல வைக்கக் கூடாது. சுடுகாட்டு ஓரமாப் போட்டுக் கொளுத்தணும். உங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் செஞ்சோம். நானா சட்டம் போட்டேன்?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஊர் முழுக்க அந்த வழக்கம்தான்.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். வேப்பந்தட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த கலியம்மாள். நேராக வண்டியிடம் போனவள், குவியலுக்குள் கைவிட்டு மஞ்சள் பூப்போட்ட ஒன்றை உருவினாள்.

"இது எம் மவ போத்துனது. அவ போனப்ப எங்கூட்லயும் தூக்கிப் போடச் சொன்னாங்க. கண்டக்டருதான் வாங்கிட்டு வந்தாரு. 'நெனப்பு வந்தா வந்து பாத்துக்கங்க'ன்னாரு. வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போறேன். இதப் போயி கொளுத்துறீங்களே!"

உதவி செய்ய வந்தவள் உலை வைத்துவிட்டாள். சித்தப்பாவின் குரல் எகிறியது. "கேட்டீங்களா! ஊரான் வூட்டுச் சாவையெல்லாம் கொண்டாந்து உள்ள அடுக்கியிருக்காரு. மணி, சாவி!"

கூட்டம் வண்டியை விட்டு விலகியது. மணிமொழி சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். சட்டென்று ஒரு வார்த்தை பொறி தட்டியது.

"சித்தப்பா, அப்பா போத்துனதத்தான போடணும்?"

"ஆமா."

"அவரு போத்தாதத எதுக்குப் போடணும்?"

"இம்புட்டு வச்சிருந்த மனுசன் ஒண்ணக்கூடப் போத்தலன்னா, யாரு நம்புவா?"

"கண்டக்டரு எந்த பஸ்ல டிக்கெட் எடுத்தாரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இழவு வீடு என்பதையும் மறந்து நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

"அம்மாவக் கேளுங்க" என்றாள் மணிமொழி.

சொன்ன பிறகுதான் பகீரென்றது. இந்தக் கந்தலை ஒருநாள் நானே கொளுத்துறேன் என்று கல்யாணமான நாளிலிருந்து கத்திய அம்மா. 'அந்தாளு சாமான்' என்பதைத் தவிர வேறு பெயரே சொன்னதில்லை. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் சாம்பல்.

அம்மா வெற்றிச்செல்வி ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் பூத்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் தெளிவாகத் தெரியும்வரை துடைத்தாள்.

"அண்ணி, சொல்லுங்க. அண்ணன் எதப் போத்திப் படுப்பாரு?"

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சாயம் போன நீலச் சேலை ஒன்று. கொழுந்தன் கையில் வைத்தாள்.

"இதத்தான்."

"இது... உங்க சேலை அண்ணி."

"ஆமா."

சித்தப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பந்தல் துணியைப் பார்த்தார்.

"வேற எதையும் மேல போட வுடமாட்டாரு. கேட்டது கெடச்சிடுச்சில்ல? மத்தத எறக்குங்க."

கலியம்மாள்தான் முதலில் தூக்கினாள். அடுத்து மேலத்தெரு சசிகலா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "அடியே, இது எங்க மாமியா தச்சதுடி! காசுக்கு வித்துட்டு, திருட்டுப் போச்சுன்னு எங்களையில்ல சந்தேகப்பட்டுச்சு!" என்று கூவினாள். அவ்வளவுதான். பெண்கள் மொய்த்துவிட்டார்கள். தோளிலும் இடுப்பிலுமாகப் போர்வைகள் ஊர்வலமாக வீட்டுக்குள் திரும்பின. கடைசியில் சித்தப்பாவும் துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். "மெஷினு கனக்கும். வுடுங்க, நான் தூக்குறேன்."

மணிமொழி சாவியை சரத்குமாரிடம் நீட்டினாள்.

அவ்வளவு பெரிய வண்டியில் இப்போது ஒரே ஒரு சேலை. காற்று அதன் மடிப்பைப் பிரித்தது. வெற்றிச்செல்வி உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து அதன் மேல் வைத்தாள்.

"பறக்காம இருக்கத்தான் வக்கிறேன் தம்பி. பெட்டியத் திருப்பிக் கொண்டாந்துடணும். எங்க சாமான் அது" என்றாள் சரத்குமாரிடம்.

மேளம் எழும்பியது. எல்லோருக்கும் முன்னால் லோடு ஆட்டோ புறப்பட்டது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் நீல முந்தானை மட்டும், தெரு திரும்பும்வரை, படபடத்துக்கொண்டே போயிற்று.